399 யூரோவும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும்



ஊரில் தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். இங்கே ஜேர்மனியில் தை பிறந்தால் தபால்பெட்டிக்குள் பஸ் ரூர் விளம்பரம் பிறக்கும். சனிக்கிழமை வரும் இலவசப் பத்திரிகைக்கு நடுவில் பளபளவென்று நாலு பக்கம். வெனிஸ், றோம், பாரிஸ், லண்டன், சுவிஸ் மலை. ஒவ்வொரு படத்திற்கும் மேலே மஞ்சள் வட்டம் போட்டு அதற்குள் ஒரு விலை. 7 நாள் இத்தாலி, 399 யூரோ. அந்த 399க்குத் தோளில் ஒட்டினாற்போல ஒரு சின்ன நட்சத்திரக்குறி. அது எதைக் காட்டுகிறது என்று தேடினால், கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி மூன்று வரி. இன்றைக்கு எழுதப்போவது அந்த எறும்பு வரிகளைப் பற்றி.

இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் கேட்கலாம். எங்கட சனத்துக்குப் பெரிய விஷயம்தான். 80களில் அகதியாக வந்து இறங்கியவர்கள் இப்போது ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முப்பது வருசம் உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, ஊருக்கும் காசு அனுப்பி, ஐரோப்பாவில் வாழ்ந்தும் ஐரோப்பாவைப் பார்க்காதவர்கள் அவர்கள். ஈபிள் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள், அதுவும் சொந்தக்காரரின் கலியாணத்துக்குப் போன இடத்தில் காருக்குள் இருந்து. இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. காசுதான் அளவாக இருக்கிறது. மாதம் ஆயிரத்துச் சொச்சம் ஓய்வூதியம் எடுக்கிற ஒருவருக்கு 399 என்பதும் 771 என்பதும் ஒன்றல்ல.

771 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

என் மனைவியின் பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. தனிய இருக்கிறா. பாதுவா அந்தோனியாரிடம் ஒருக்கால் போகவேணும் என்பது அவவின் நெடுநாள் ஆசை. (அவ சைவக்காரி. அதெல்லாம் எங்கட சனத்துக்கு ஒரு தடையில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.) விளம்பரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "தம்பி, மலிவாக் கிடக்கு, பதிஞ்சு விடுங்கோ" என்றா. "பெரியம்மா, முதலில கணக்குப் பாப்பம்" என்று ஒரு கொப்பியை எடுத்தேன்.

முதல் எழுத்திலேயே தொடங்கியது. விலைக்கு முன்னால் "அப்" என்று இரண்டு எழுத்தில் ஒரு ஜேர்மன் சொல். "இதிலிருந்து தொடங்கும்" என்று அர்த்தம். 399க்குப் போகக்கூடிய திகதி வருசத்தில் இரண்டுதான், இரண்டும் நவம்பரில். அவவின் அதிர்ஷ்டம், நவம்பர் என்றாலும் சரி என்றா. அடுத்து, "ஆளுக்கு, இருவர் அறையில்". அதாவது இரண்டு பேர் ஒரு அறையில் படுத்தால்தான் ஆளுக்கு 399. தனிய படுத்தால் ஒரு இரவுக்கு 28 யூரோ மேலதிகம். ஆறு இரவுக்கு 168.

"நான் தனிச்சது என்ர குற்றமே தம்பி?" என்று கேட்டா. மனிசன் செத்து நாலு வருசம். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. இந்தத் தனியறைக் காசு அநேகமாக எல்லா நிறுவனத்திலும் இருக்கிறது, சட்டப்படி சரியும்கூட. ஆனால் பஸ் ரூருக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் துணையை இழந்த வயதானவர்கள் என்று அந்த நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விலையை இருவர் அறையில் வைத்து அச்சடிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது ஹோட்டல் இருக்கும் இடம். "வெனிஸ் பகுதியில்" என்று போட்டிருந்தார்கள். ஜேர்மன் விளம்பரங்களில் "ராவும்" என்று ஒரு சொல் வரும், பகுதி, சுற்றுவட்டாரம் என்று பொருள். இந்தச் சொல்லைக் கண்டால் வரைபடத்தை எடுங்கள். "ராவும் பாரிஸ்" என்றால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலாகவும் இருக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈபிள் கோபுர வெளிச்சம் பார்க்கலாம் என்று நினைத்துப் போனவர்கள் பெற்றோல் நிலைய வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கவேண்டியதுதான். வெனிஸ் என்றால் பெரும்பாலும் யேசோலோ கடற்கரை. கோடையில் குளிக்கிற ஊர், நவம்பரில் பாதிக் கடை பூட்டு. அங்கிருந்து பஸ்ஸில் புந்தா சப்பியோனி என்ற துறைக்குப் போய், படகு ஏறித்தான் வெனிசுக்குள் போகவேண்டும். படகுக் காசு விலைக்குள் இல்லை, 20 யூரோ.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பகலில் வந்து போகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25ஆம் திகதியிலிருந்து வெனிஸ் நகரம் நுழைவுக் கட்டணம் எடுக்கத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. 2024இல் 29 நாட்கள், 2025இல் 54 நாட்கள், ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. முன்கூட்டிப் பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் என்றால் 2025இல் அது 10 ஆனது. வெனிஸ் நகரசபைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் யேசோலோ வேறு நகரசபை. ஆக மலிவென்று யேசோலோவில் படுத்தவர் அந்தக் காசையும் கட்டவேண்டும். நவம்பரில் இது வராது என்றாலும், பெரியம்மா "பங்குனி சித்திரைக்கு மாத்தினாலும் மாத்துவன்" என்று சொன்னபடியால் 5 யூரோவைக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

பிறகு வத்திக்கான். விளம்பரத்தில் சிஸ்டைன் சிற்றாலயக் கூரை ஓவியம் அரைப்பக்கத்துக்கு. நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்ததோ "வத்திக்கான், பேதுரு சதுக்கம் பார்வையிடல்". பேதுரு சதுக்கத்தில் நிற்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. தேவாலயத்துக்குள் போவதும் இலவசம்தான், வரிசையில் நின்று சோதனை முடித்துப் போகலாம். அந்தக் கூரை ஓவியம் இருப்பது வத்திக்கான் அருங்காட்சியகத்துப் பக்கம். அதற்கு ரிக்கெற் வேண்டும். வழிகாட்டியோடு போவதற்கு அந்த நிறுவனம் கேட்டது 45 யூரோ, "ஃபக்குல்டாட்டிவ்" என்று எழுதி. விரும்பினால் என்று அர்த்தம். புளோரன்ஸ் நகரமும் அதே "விரும்பினால்", 49 யூரோ. விரும்பாதவர்கள் என்ன செய்வது? பஸ் போய்விடும், ஹோட்டல் ஊருக்கு வெளியே, நாள் முழுக்க அறைக்குள் இருக்கவேண்டும். இதற்குப் பெயர் விருப்பம்.

அரைப் பென்சியோன் என்று ஒன்று. காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் உண்டு, குடிக்கத் தண்ணீர்கூட அதற்குள் இல்லை. பச்சைத்தண்ணீர்ப் போத்தலுக்கு நாலு யூரோ, பிறகு ஒரு தேத்தண்ணி என்றால் இரவுக்கு 6 யூரோ, ஆறு இரவுக்கு 36. வெள்ளிக்கிழமை சைவம் வேண்டும் என்று பதியும்போதே எழுதிக் கொடுக்காவிட்டால் அன்றைக்கு மீன் வரும். இறைச்சி இல்லைத்தானே என்று விளக்கமும் வரும்.

நகர வரி இன்னொன்று. றோமில் 2023 ஒக்டோபரிலிருந்து மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, நாலு நட்சத்திரம் என்றால் 7.50. இதை ஹோட்டலில் கையில் கட்டச் சொல்வார்கள். மூன்று இரவு றோமுக்கு 18, மற்ற இடத்துக்கு 6. சாரதிக்கும் வழிகாட்டிக்கும் சந்தோசம் என்று ஒரு 20. போகும் வழியில் ரொயிலற். ஜேர்மன் நெடுஞ்சாலைகளில் 70 சதமாக இருந்தது 2022 நவம்பரில் ஒரு யூரோ ஆனது. அதற்கு ஒரு யூரோவுக்குத் துண்டு தருவார்கள், ஆனால் அந்தத் துண்டைச் செலவழிக்க அங்கேயே மூன்று யூரோவுக்கு ஏதாவது வாங்கவேண்டி வரும். ரொயிலற்றுக்கு ஒரு 5 போட்டேன்.

கூட்டிப் பாருங்கள். 399, 168, 24, படகும் நுழைவும் 25, விரும்பிய பயணங்கள் 94, குடிக்க 36, சந்தோசம் 20, ரொயிலற் 5. மொத்தம் 771.

பெரியம்மா கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, 771 எண்டு தெரிஞ்சே போறன்" என்றா. போனா. வந்து, "நீர் எழுதினதிலும் 12 யூரோ கூட" என்று கணக்கும் ஒப்புவித்தா. பாதுவாவில் பஸ் நின்றது முக்கால் மணித்தியாலம். அதையும் சொன்னா, கோபம் இல்லாமல்.

அந்த முக்கால் மணித்தியாலமும் ஒரு மறைந்த செலவுதான். நாள்கணக்கை எப்போதும் பாருங்கள். 7 நாள் இத்தாலி என்றால் முதல் நாளும் கடைசி நாளும் நெடுஞ்சாலை. ஐரோப்பியச் சட்டப்படி ஒரு சாரதி நாளுக்கு 9 மணித்தியாலம்தான் ஓட்டலாம், கிழமையில் இரண்டு தரம் மட்டும் 10. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் முக்கால் மணித்தியாலம் ஓய்வு. இது 2006இல் வந்த நல்ல சட்டம், எங்கள் உயிருக்காகப் போட்டது. ஆனால் நாங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து றோம் 1400 கிலோமீற்றர் மட்டில். ஒரே நாளில் போக முடியாது, நடுவில் ஓர் இரவு எங்கேயோ படுக்கவேண்டும். அதைவிட, ஆட்களை ஏற்ற அதிகாலை நாலு மணிக்கு ஆறு நகரம் சுற்றுவார்கள். முதலில் ஏறியவர் தன் வீட்டிலிருந்து நாப்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஊரைத் தாண்ட மூன்று மணித்தியாலம் எடுக்கும். 8 நாளில் 6 நாடு என்று யாராவது விற்றால், பாஸ்போட்டில் எண்ணிக்கை கூடும், கண்ணில் பட்டது பஸ் யன்னல் மட்டும்.

சுவிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தொலைபேசிக்கு மேலதிகக் காசு 2017 ஜூன் 15ஆம் திகதியோடு நின்றது. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. பாசலைத் தாண்டியதும் வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைக்கு மலை காட்டத் தொடங்கினால், உங்கள் ஒப்பந்தத்தில் சுவிஸ் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வரும் பில் ரூர்க் காசைவிடக் கூடவாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் ஏமாற்றா? எல்லாம் இல்லை. குடிக்கிற தண்ணீருக்கும் விரும்பிப் போகும் இடத்துக்கும் தனிக்காசு கேட்பது வியாபாரம். ஆனால் தவிர்க்க முடியாத காசை விலைக்கு வெளியே வைப்பது வேறு. ஜேர்மன் உச்ச நீதிமன்றம் 2015 மே மாதத்தில் ஒரு கப்பல் சுற்றுலா வழக்கில் இதைத்தான் சொன்னது. எல்லோரும் கட்டாயம் கட்டவேண்டிய சேவைக் கட்டணத்தை விளம்பரத்திலுள்ள மொத்த விலைக்குள் சேர்த்தே காட்டவேண்டும். அதன்பிறகு 2018 ஜூலை 1ஆம் திகதி ஐரோப்பா முழுக்கப் புதிய சுற்றுலாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலே எங்கட ஆட்களுக்குத் தெரியாத ஒரு வசனம் இருக்கிறது. மேலதிகக் கட்டணங்களைப் பற்றி ஒப்பந்தத்துக்கு முன் உங்களுக்குச் சொல்லாவிட்டால், அதை நீங்கள் கட்டத் தேவையில்லை. பஸ்ஸுக்குள் ஒலிவாங்கியைப் பிடித்து "எல்லாரும் ஆளுக்கு 30 யூரோ எடுத்து வையுங்கோ, நகரத்துக்குள்ள பஸ் போற அனுமதிக் காசு" என்று சொன்னால், "எந்தத் தாளில எழுதியிருக்கு?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சந்தோசக் காசும் அப்படியே. கொடுப்பது நல்லது, சாரதிகளின் சம்பளம் பெரிதல்ல. ஆனால் அது கட்டாயம் இல்லை.

அந்தச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. பதிந்த பிறகு விலை கூட்டுவதென்றால் எரிபொருள், வரி, நாணயமாற்று போன்ற காரணங்களுக்கு மட்டும், அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், பயணத்துக்கு 20 நாளுக்கு முன்னரே அறிவிக்கவேண்டும். 8 வீதத்துக்கு மேல் என்றால் காசில்லாமல் விலகலாம். நீங்கள் போக முடியாவிட்டால் உங்கள் இடத்துக்கு வேறொருவரை அனுப்பலாம், 7 நாளுக்கு முன் சொன்னால் போதும் (பெயர் மாற்றும் செலவு உங்களது). ஆட்கள் சேராவிட்டால் அவர்கள் ரத்துச் செய்யலாம். இதற்கு ஜேர்மனில் ஒரு சொல் இருக்கிறது, அதை உச்சரித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும், "மிண்டெஸ்ட்டைல்நேமர்ட்சால்". குறைந்தபட்ச ஆட்தொகை. ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் 20 நாளுக்கு முன், இரண்டிலிருந்து ஆறு நாள் என்றால் 7 நாளுக்கு முன் அவர்கள் சொல்லவேண்டும். நீங்கள் இதற்கிடையில் வாங்கிய ரயில் ரிக்கெற்றை அவர்கள் தரமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். இணையத்தில் சப்பாத்து வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பலாம், ரூருக்கு அது இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒப்பந்தம்தான். அதன்பிறகு விலகினால் சதவீதக் கணக்கில் வெட்டுவார்கள், நாள் நெருங்க நெருங்க வெட்டு கூடும்.

இலவசப் பயணம், பரிசு விழுந்திருக்கு, கோப்பியும் கேக்கும் உண்டு என்று வரும் கடிதங்களைப் பற்றி ஒரு பந்தி போதும். அது ரூர் அல்ல, கம்பளி விற்கும் கடைக்கு உங்களைக் கூட்டிப்போகும் வண்டி. அங்கே மருத்துவப் பொருளும் சத்து மாத்திரையும் விற்பதை 2022 மே மாதத்தில் தடைசெய்தார்கள். அப்படியிருந்தும் கடிதம் வருகிறது. குப்பைத்தொட்டி பக்கத்தில்தானே இருக்கிறது.

இனி எங்களுக்கென்றே உள்ள ஒரு சின்ன எழுத்து. மற்றவர்களுக்கு அது செலவில்லை, எங்களுக்குத்தான் செலவு.

விளம்பரத்தின் அடியில் கடவுச்சீட்டு பற்றி ஒரு வரி இருக்கும். ஜேர்மன் குடிமக்களுக்கு இன்னது தேவை, மற்ற நாட்டவர்கள் தங்களுக்குரிய தூதரகத்தில் விசாரிக்கவும். அவ்வளவுதான். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் புத்தகம் வைத்திருப்பவர் எந்தத் தூதரகத்தில் போய் விசாரிப்பது? இருக்கிற தூதரகத்துக்குப் போகமுடியாது என்பதால்தானே அந்தப் புத்தகத்தையே தந்தார்கள்.

நீலப் புத்தகத்தோடு பாரிசுக்கும் றோமுக்கும் சுவிசுக்கும் போகலாம். லண்டனுக்கு முடியாது. அகதிகளுக்கு விசா வேண்டாம் என்று 1959இல் ஐரோப்பிய நாடுகள் செய்த ஒப்பந்தத்தில் பிரித்தானியாவும் ஒரு காலத்தில் இருந்தது. 2003 பெப்ரவரியில் அதை நிறுத்திவைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 2018இல் நாலு நாள் லண்டன் ரூர் போனது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜேர்மன் பாஸ்போட், தகப்பனுக்கு நீலப் புத்தகம். பதியும்போது யாரும் கேட்கவில்லை, பெயரும் பிறந்த திகதியும்தான் கேட்டார்கள். பிரித்தானிய அதிகாரிகள் சோதனை செய்வது கலேயில், கடலுக்கு இந்தப் பக்கத்திலேயே. இரவு இரண்டு மணிக்கு அவரை இறக்கினார்கள். பிள்ளைகள் தகப்பனை விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று அழுது, நாலு பேரும் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. நாலு பேரின் காசும் பஸ்ஸோடு போனது. கேட்டதற்கு அந்த நிறுவனம் கடைசிப் பக்கத்து வரியைக் காட்டியது.

அவர் பிறகு லண்டன் போகவில்லை. விசா எடுக்கலாமே என்று சொன்னேன். சிரித்தார்.

இப்போது ஜேர்மன் பாஸ்போட் உள்ளவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. 2021 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து வெறும் அடையாள அட்டை செல்லாது, பாஸ்போட் வேண்டும். 2025 ஏப்ரல் 2ஆம் திகதியிலிருந்து ஈரிஏ என்ற மின்னணு அனுமதியும் வேண்டும், 10 பவுணாகத் தொடங்கி ஒரே கிழமையில் 16 ஆனது. குழந்தைக்கும் உண்டு. ஊரிலிருந்து அம்மா அப்பாவை ஷெங்கன் விசாவில் கூப்பிட்டவர்கள், அது ஒருமுறை நுழைவு விசா என்றால், லண்டன் காட்டப் போய்த் திரும்பி உள்ளே வரமுடியாது. வதிவிட அனுமதி இன்னும் முடிவாகாத தம்பிமார் எல்லையே தாண்டவேண்டாம். 2024 செப்டம்பர் 16ஆம் திகதி ஜேர்மனி எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை தொடங்கியதிலிருந்து பஸ்களை மறித்து ஏறிப் பார்க்கிறார்கள்.

சரி, வெள்ளைக்காரன் ரூரைப் பற்றி இவ்வளவு எழுதியாயிற்று. இனி எங்கட ரூர்.

எங்கட ஆட்கள் ஒழுங்கு செய்யும் பஸ் பயணத்தில் நான் பலமுறை போயிருக்கிறேன், இனியும் போவேன். ஓகஸ்டில் கேவலார் மாதா, ஹம் காமாட்சி அம்பாள் தேர், லூர்து, சிலவேளை சுவிஸ் மலை. காலையில் இடியப்பமும் சம்பலும், பின்னேரம் வடை, வழியெல்லாம் பாட்டு. வயதானவர்களுக்கு வாய்விட்டுத் தமிழில் கதைக்க ஆள் கிடைக்கும். எந்தப் பெரிய நிறுவனத்திடமும் இது கிடையாது. விலையும் ஒரே சொல், "ஆளுக்கு 350". நட்சத்திரக்குறி இல்லை, எறும்பு வரி இல்லை.

அதுதான் எனக்குப் பயம். நட்சத்திரக்குறி இல்லாததற்குக் காரணம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதல்ல, தாளே இல்லை என்பது. காசைக் கையில் கொடுக்கிறோம், அல்லது யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புகிறோம். பஸ் எந்தக் கொம்பனி, ஹோட்டல் எங்கே, பதினைந்து பேர் குறைந்தால் பயணம் நடக்குமா, நடக்காவிட்டால் காசு எப்போது வரும், எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன, எதுவும் எழுத்தில் இல்லை.

ஜேர்மனியில் பதிவுசெய்த நிறுவனம் ஒன்று உங்களிடம் முற்பணம் வாங்கமுன் "சிஹெருங்ஸ்ஷைன்" என்ற காப்புறுதிப் பத்திரம் தரவேண்டும். முற்பணம் வழக்கமாக 20 வீதம். நிறுவனம் வங்குரோத்தானால் அந்தத் தாள்தான் உங்கள் காசு. 2019இல் தோமஸ் குக் விழுந்தபோது காப்புறுதி போதாமல் அரசாங்கம் கை கொடுக்கவேண்டி வந்தது. அதற்குப் பிறகு 2021 நவம்பரில் ஒரு பொது நிதியத்தை உருவாக்கினார்கள், 2024 ஜூனில் எஃப்ரிஐ என்ற பெரிய நிறுவனம் விழுந்தபோது ஆட்களுக்குக் காசு திரும்பி வந்தது. எங்கட ரூரில் அப்படி விழுந்தால்?

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. எப்போதாவது, இலாபம் இல்லாமல், ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள் மட்டும் செய்யும் பயணத்துக்கு இந்த விதிகள் இல்லை. கோயில் சபை வருசத்தில் ஒருக்கால் தன் ஆட்களைக் கூட்டிப்போவது அதற்குள் வரலாம். இரவு தங்காமல் 24 மணித்தியாலத்துக்குள் முடியும், 500 யூரோவுக்கு மேற்படாத பயணமும் அப்படியே. ஆனால் கோடை முழுக்க ஐந்தாறு பஸ் விட்டு, தமிழ்க்கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி, கொஞ்சம் மிச்சமும் பிடிக்கிற அண்ணைமார், தங்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, சட்டத்தின் கண்ணில் சுற்றுலா நிறுவனம்தான். எல்லாப் பொறுப்பும் அவர்கள் தலையில்.

அப்படி ஒருவரிடம் துண்டு கேட்டேன். "என்ன அண்ணை, என்னில நம்பிக்கை இல்லையே?" என்றார். முகம் வாடிப்போனது. எங்கள் சனத்திடம் எழுத்தைக் கேட்பது அவமதிப்பு. இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 80களின் நடுப்பகுதியில் நாங்கள் கிழக்கு பேர்லினில் இறங்கி மேற்கு பேர்லினுக்கு ரயில் ஏறியபோது, ஏஜென்சிக்காரன் ரசீதா தந்தான்? காணி ஈடுவைத்த காசை வாய்ச்சொல்லில் கொடுத்தோம். வந்து சேர்ந்த பிறகும் அப்படித்தான். சீட்டு வாய்ச்சொல், உண்டியல் வாய்ச்சொல். வங்கி எங்களுக்குக் கணக்குத் திறக்காத காலத்தில் அந்த வாய்ச்சொல்தான் எங்களைக் காப்பாற்றியது. சிலரை அதே வாய்ச்சொல் தெருவில் விட்டதும் உண்டு, அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. சீட்டில் ஏமாந்தவன் வாய் திறந்தால் அவனுக்குத்தானே வெட்கம்.

அந்த அண்ணையிடம் நான் சொன்னது, உங்களுக்கும் அது பாதுகாப்பு என்பது. மூன்று பேர் கடைசி நாளில் வரவில்லை என்றால் பஸ் காசு உங்கள் கையிலிருந்து போகிறது. எவ்வளவு வெட்டுவீர்கள் என்று முதலே எழுதியிருந்தால் சண்டை இல்லை. யாரிடம் என்ன புத்தகம் இருக்கிறது என்று பதியும்போதே கேட்டால் இரவு இரண்டு மணிக்கு எல்லையில் ஒருவரை இறக்கிவிட்டுப் போகவேண்டி வராது. விதிகளுக்குள் நிற்கவும் ஒரு வழி இருக்கிறது. பதிவுள்ள பஸ் கொம்பனி ஒன்றே ஒழுங்கமைப்பாளராக நின்று பத்திரம் கொடுக்கட்டும், நீங்கள் ஆளைச் சேர்த்து வழிகாட்டுங்கள், சம்பலும் நீங்களே அரையுங்கள்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கோடை போனது. போன தடவை லூர்து பயணத்துக்குப் பதிந்தபோது ஒரு பக்கத் தாள் தந்தார், தமிழிலும் ஜேர்மனிலும். பஸ் கொம்பனியின் பெயர், காப்புறுதிப் பத்திர இலக்கம், ஹோட்டல் முகவரி, நகர வரி எவ்வளவு, தனியறைக்கு எவ்வளவு, எத்தனை பேர் சேராவிட்டால் பயணம் இல்லை, விலகினால் எத்தனை வீதம் வெட்டு. கடவுச்சீட்டு வகை என்று ஒரு கட்டம், நீலம் என்றால் அதில் ஒரு புள்ளடி. எழுத்தும் பெரிது, பெரியம்மாவே கண்ணாடி போடாமல் வாசித்தா.

விலை 350 இல்லை, 415. இரண்டு பஸ்ஸும் நிறைந்துவிட்டது.